இலை உதிர்ந்த மரத்தின் பட்டைக்குள் நடப்பது

வேலிக்கு ஊன்றிய முள்முருக்குக் கம்பு பிடித்துக்கொண்டதா, காய்ந்துவிட்டதா என்று பார்க்க மலையகத்தில் யாரும் தளிர் வரும்வரை காத்திருப்பதில்லை. பெருவிரல் நகத்தால் தோலை ஒரு சுரண்டு சுரண்டுவார்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் பிடுங்கி அடுப்பில் வைத்துவிடலாம். கொய்யாவுக்கும் கிளிசிறிடியாவுக்கும் இதே சோதனைதான். தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும், ஏமாற்றாத சோதனை.

ஆனால் அந்தப் பச்சை அங்கே இருந்து என்ன செய்கிறது என்று நாம் கேட்பதில்லை. ஒளித்தொகுப்பு என்றால் இலை என்றுதான் பாடசாலையில் படித்தோம். தோலுக்கு அடியில் மூடிக்கிடக்கும் இடத்தில் பச்சையத்துக்கு என்ன வேலை? இலையில் செய்யும் அதே வேலைதான். வெளிச்சத்தைப் பிடித்து, காபனீரொட்சைட்டையும் நீரையும் சேர்த்துச் சீனியாக்குகிறது. இதைத் தெளிவாகக் காட்டித் தந்த மரம் நம் மலையில் இல்லை. பனி கொட்டும் வட அமெரிக்காவில் இருக்கிறது. அதன் பெயர் ஆஸ்பென்.

நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் சில இரவுகள் உறைபனி இறங்கும். விடிந்து பார்த்தால் பள்ளத்தில் உள்ள தேயிலையின் மேல் கொழுந்தெல்லாம் கருகியிருக்கும். அந்தச் சில இரவுகளே நமக்குப் பெரிய சேதி. ஆஸ்பென் வளரும் ரொக்கி மலைப் பகுதிகளில் ஒக்டோபரில் இலை கொட்டினால் மறுபடி துளிர்க்க மே மாதம் ஆகிவிடும். கிட்டத்தட்ட அரை வருடம் மரம் மொட்டையாக நிற்கிறது. அத்தனை காலமும் வேரும் தண்டும் மொட்டும் உயிரோடு இருக்க வேண்டும். உயிரோடு இருக்கும் எந்தக் கலமும் சுவாசிக்கும். சுவாசம் என்றால் சேமித்து வைத்த மாப்பொருளையும் சீனியையும் எரிப்பது. வரவே இல்லாமல் அரை வருடம் செலவு மட்டும் என்றால் மரம் எப்படித் தாங்கும்?

சேமிப்புதான் பெரிய பதில். கோடையில் இலை சமைத்ததில் ஒரு பங்கு வேரிலும் தண்டிலும் மாப்பொருளாக இருக்கிறது. ஆனால் அது மட்டும் இல்லை. ஆஸ்பெனின் தண்டைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். மற்ற மரங்களைப் போலக் கறுத்து வெடித்திருக்காது. வழவழப்பாக, வெள்ளையும் இளம்பச்சையும் கலந்த நிறத்தில் இருக்கும். கையை வைத்துத் தேய்த்தால் வெண்மாவு ஒட்டும். வயதான மரத்தின் அடிப்பகுதிதான் கறுத்து வெடிக்கும். மேலே போகப் போகப் பட்டை பல ஆண்டுகளுக்கு மெல்லியதாகவே இருக்கும். இந்த மெல்லிய பட்டைதான் விஷயமே.

ஒரு கத்தியும் முள்முருக்குக் கிளையும் இருந்தால் இதன் அமைப்பை நம் முற்றத்திலேயே பார்க்கலாம். பெருவிரல் தடிப்புள்ள கிளையாக எடுங்கள். கத்தியைப் படுக்க வைத்து, சாம்பல் நிற மேல்தோலை மட்டும் சீவுங்கள். அது தக்கை, இறந்த கலங்கள். நீர் வெளியே போகாமல் காப்பது அதன் வேலை. அதற்கு நேர் கீழே ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான தடிப்பில் நல்ல பச்சை ஒன்று ஓடும். ஈரமாக இருக்கும், பச்சைப் பயற்றங்காயை ஒடித்த வாசம் வரும். இன்னும் சீவினால் வெளிறிய, வழுக்கும் நார் வரும். இலையில் சமைத்த சீனி கீழே இறங்கும் வழியான உரியம் அங்கேதான் இருக்கிறது. அதற்கும் உள்ளே, கண்ணுக்குப் பிடிபடாத மெல்லிய மாறிழையம். பிறகு வெள்ளைக் கட்டை. தண்டு பருப்பதெல்லாம் அந்த மாறிழையத்தில்தான். ஆக, பச்சை அடுக்கு இருப்பது வெளித்தோலுக்கும் மரத்தின் வளரும் பகுதிக்கும் நடுவில். அது அங்கே இருப்பதன் பயன் கொஞ்ச நேரத்தில் புரியும்.

தக்கையைத் தாண்டி வெளிச்சம் எப்படி உள்ளே போகும் என்று கேட்கலாம். போகிறது, ஆனால் கொஞ்சம்தான். இளம் கிளையில் பட்ட வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு, சிலவேளை ஐந்தில் ஒரு பங்கு பச்சை அடுக்கை எட்டும். கிளை முதிர்ந்து தக்கை தடிக்கத் தடிக்க அதுவும் குறையும். அதனால் பட்டையிலுள்ள பச்சையம் நிழலில் வளரும் இலையின் பச்சையத்தைப் போலவே அமைந்திருக்கிறது, குறைந்த வெளிச்சத்தில் வேலை செய்யத் தோதாக. இன்னொன்று: நனைந்த பட்டை காய்ந்த பட்டையைவிடக் கூடுதலாக வெளிச்சத்தை உள்ளே விடும். மழை பெய்து ஓய்ந்ததும் கொய்யா மரத்தின் தண்டு பளிச்சென்று பச்சையாகத் தெரிவது இதனால்தான். தோல் நனைந்ததும் உள்ளே இருக்கும் நிறம் வெளியே தெரிகிறது.

சரி, வெளிச்சம் வந்தது. காபனீரொட்சைட்டு எங்கிருந்து வரும்? இலைக்குத் திறந்து மூடும் இலைவாய்கள் உண்டு. பட்டைக்கு இருப்பது பட்டைவாய் மட்டும். ஆஸ்பென் தண்டில் அவை வைர வடிவில் கண்ணுக்கே தெரியும். அவற்றால் நினைத்தபோது திறக்கவும் மூடவும் முடியாது. காற்றும் அவற்றின் வழியே மெதுவாகத்தான் போய்வரும். ஆனால் பட்டை வெளிக்காற்றை நம்பி இருக்கவே இல்லை. வெளிக்காற்றில் காபனீரொட்சைட்டு 0.04 சதவீதம்தான். மரத்தண்டுக்குள் இருக்கும் வாயுவில் அது 1 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்கும் மேல்கூடப் போகும் என்று பல மரங்களில் அளந்திருக்கிறார்கள். உள்ளே உள்ள கலங்கள் சுவாசித்து வெளிவிட்ட காபனீரொட்சைட்டு அது. தக்கை மூடியிருப்பதால் வெளியேற முடியாமல் உள்ளேயே தேங்குகிறது. பச்சை அடுக்கு அதைப் பிடித்து மறுபடி சீனியாக்குகிறது.

இந்த இடத்தில்தான் பலர் தவறான படம் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்கிறார்கள். ‘ஆஸ்பென் குளிர்காலத்திலும் பட்டையால் உணவு சமைத்து வளர்கிறது’ என்று படித்தால், இலைக்குப் பதிலாகப் பட்டை வெளியிலிருந்து காபனை உள்ளே கொண்டுவருகிறது என்று தோன்றும். அப்படி இல்லை. தோட்டச் சம்பளத்தில் வைத்துப் பார்த்தால் இது சுலபம். இலை செய்வது இன்னொரு நாள் வேலைக்குப் போய்ப் பேர் போட்டுச் சம்பளம் கூட்டுவது. பட்டை செய்வது சம்பளத் துண்டில் பிடித்தத்தைக் குறைப்பது. மாதக் கடைசியில் கையில் நிற்கும் காசு இரண்டாலும் கூடும், ஆனால் இரண்டும் ஒன்றாகாது.

ஆஸ்பென் பட்டையில் ஒளித்தொகுப்பு நடப்பதை 1958இல் பியர்சன், லோரன்ஸ் என்ற இரண்டு அமெரிக்கத் தாவரவியலாளர்கள் அளந்து வெளியிட்டார்கள். 1976இல் ஃபூட், ஷேட்லே இருவரும் ஒரு படி மேலே போய், பகல் இரவு, கோடை குளிர் என்று பருவங்கள் தோறும் தண்டில் வாயுக்கள் போய்வருவதை அளந்தார்கள். அவர்கள் கண்டதும் இதுதான்: பட்டையின் ஒளித்தொகுப்பு சுவாசத்தில் போவதைப் பெரிய அளவில் ஈடுகட்டுகிறது, சில நேரம் கிட்டத்தட்ட முழுதாகவே. ஆனால் வெளியிலிருந்து காபனைக் கூட்டிச் சேர்ப்பது என்ற நிலைக்கு அது போவதில்லை. பிறகு ஐரோப்பிய ஆஸ்பெனிலும் வேறு மரங்களிலும் செய்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. நல்ல வெளிச்சத்தில், இளம் கிளைகளில், சுவாசித்த காபனில் பாதிக்கும் மேல் பட்டைக்குள்ளேயே திரும்பப் பிடிபடுகிறது.

என்னைக் கேட்டால், வியக்க வேண்டியது இதைத்தான். புதிதாகச் சமைப்பதற்கு வெளிக்காற்று வேண்டும். அதற்கு வாய் திறக்க வேண்டும். திறந்தால் நீர் போகும். உறைந்த மண்ணிலிருந்து மரம் நீர் எடுக்க முடியாத காலத்தில் அது ஆபத்து. பட்டையோ கதவைத் திறக்காமல், துளி நீரும் கூடுதலாகச் செலவழிக்காமல், போகவிருந்ததை உள்ளேயே மறித்துவிடுகிறது. கிடைத்த சீனியும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்திலேயே உரியம், அதற்கு அடுத்து மாறிழையம். கூடவே இன்னொரு பயன். ஒளித்தொகுப்பில் ஒட்சிசன் வெளிவரும். தண்டின் உட்பகுதி காற்றோட்டம் குறைந்த இடம், அங்கே கலங்கள் ஒட்சிசன் இல்லாமல் திணறக்கூடும். பச்சை அடுக்கு பகலில் அந்தத் தட்டுப்பாட்டைக் குறைக்கிறது.

குளிர்காலம் இந்த வேலைக்கு அவ்வளவு மோசமான காலமும் இல்லை. நிழல் போட இலை இல்லை, முழுத் தண்டும் வெளிச்சத்தில் நிற்கிறது. தரையில் கிடக்கும் பனி வெளிச்சத்தைத் தண்டின் மேல் திருப்பி அடிக்கிறது. அந்த அகலக்கோடுகளில் குளிர்காலச் சூரியன் உச்சிக்கு வராது, தாழ்வாகச் சரிந்தே ஓடும். அதனால் கதிர் நேராகத் தண்டின் பக்கவாட்டில் விழும். வெயில் பட்ட பட்டை சுற்றியுள்ள காற்றைவிடச் சில பாகை சூடாகவும் இருக்கும். குளிரில் சுவாசமும் அடங்கியிருப்பதால் ஈடுகட்ட வேண்டிய தொகையும் சிறிது. ஆனாலும் எல்லை உண்டு. பட்டை உறைநிலைக்கு இரண்டு மூன்று பாகை கீழே போனால் வேலை நின்றுவிடும். நடுக்குளிரின் கடும் நாட்களில் அது நடப்பதே இல்லை என்று சொல்லலாம். இலையுதிர்ந்த பிந்திய வாரங்கள், இடையில் வரும் வெதுவெதுப்பான பகல்கள், துளிர் வருவதற்கு முந்திய வசந்தத் தொடக்கம் ஆகியவைதான் அதன் நல்ல காலம். குறிப்பாக இந்தக் கடைசிக் கட்டம் முக்கியமானது. மொட்டு வெடிக்க நிறையச் சீனி தேவைப்படும் நேரம், இலையோ இன்னும் ஒன்றும் தரத் தொடங்கவில்லை.

கோடையிலும் இது கைகொடுக்கும். அமெரிக்கக் காடுகளில் ஒருவகை மயிர்க்கொட்டி சில வருடங்களில் பெருகி, ஆஸ்பென் காடுகளை ஒரு இலைகூட மிச்சம் வைக்காமல் தின்று தீர்க்கும். அடுத்த இலை வரும்வரை மரம் தாக்குப்பிடிக்கப் பட்டை உதவுகிறது. குளிர்காலத்தில் பெரிய மான்கள் ஆஸ்பென் பட்டையைக் கடித்துத் தின்பதும் அந்தப் பச்சை, சத்துள்ள அடுக்குக்காகத்தான். காயம் ஆழமாகி, தண்டைச் சுற்றி வந்துவிட்டால் அந்தத் தண்டு போய்விடும். யூட்டா மாநிலத்தில் பாண்டோ என்று பெயரிட்ட ஆஸ்பென் காடு ஒன்று இருக்கிறது. சுமார் 43 ஹெக்டயர், ஏறத்தாழ 47,000 தண்டுகள், எல்லாம் ஒரே வேர்த்தொகுதியிலிருந்து முளைத்தவை. மரபணுப்படி அத்தனையும் ஒரே மரம். அதற்கும் இன்று பெரிய தொல்லை இளந்தண்டுகளை மான்கள் மேய்ந்துவிடுவதுதான்.

இனி நம் மலைக்கு வருவோம். இங்கே இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதில் கவனமாக இருக்க வேண்டும். மலைநாட்டுக் காடுகள் பெரும்பாலும் வருடம் முழுதும் இலையோடு நிற்பவை. அந்த நிழலில் அடித்தண்டுக்கு வெளிச்சம் கிடைப்பது குறைவு. நாம் இருப்பது 7 பாகை வடக்கில். நண்பகல் வெயில் தலைக்கு மேலிருந்து கொட்டும், தண்டின் பக்கவாட்டுக்குக் காலையிலும் மாலையிலும்தான் நல்ல கதிர். ஹோர்ட்டன் சமவெளி போன்ற முகில் காடுகளிலோ தண்டு முழுக்கப் பாசியும் இலைக்கனும் மூடியிருக்கும். அந்தப் பச்சையைப் பார்த்து ஏமாறக் கூடாது. அதுவும் ஒளித்தொகுப்பு செய்யும், ஆனால் தனக்காக. மரத்துக்கு வர வேண்டிய வெளிச்சத்தை அது மறிக்கவே செய்கிறது. மரத்தின் சொந்தப் பச்சை தோலுக்கு உள்ளே இருப்பது.

அப்படியானால் இங்கே எங்கே தேடுவது? மாத்தளைப் பக்கமும் பதுளையின் தாழ்ந்த சரிவுகளிலும் நிற்கும் இலவ மரத்தை முதலில் சொல்வேன். வரட்சியில் இலை முழுதும் கொட்டி, பஞ்சுக்காயோடு மொட்டையாக நிற்கும் காலத்தில் அதன் இளந்தண்டைப் பாருங்கள். முள்ளுக்கு நடுவே தோல் வெளிப்படையாகவே பச்சை. ஆஸ்பெனுக்குக் குளிர் எப்படியோ இலவத்துக்கு வரட்சி அப்படி. அடுத்தது டர்பன்டைன் என்று நாம் சொல்லும் யூக்கலிப்டஸ் மரம். நானுஓயா, தலவாக்கலைப் பக்கம் தோட்டக் காடுகளில் நெடுநெடுவென்று நிற்கும் யூக்கலிப்டஸ் வகைகளில் சில, அடியில் சொரசொரப்பான பட்டையை வைத்துக்கொண்டு, மேலே நீள நீளமாகத் தோலை உரித்துப் போடும். உரிந்த இடம் வழவழப்பாக, வெளிறிய பச்சையாக இருக்கும். பழைய தக்கையைக் கழற்றிவிடுவதால் உள்ளே வெளிச்சம் போக வழி கிடைக்கிறது. அவுஸ்திரேலியாவில் இந்த இன மரம் ஒன்றின் கிளைகளில் ஈயத்தாள் சுற்றி வெளிச்சத்தை மறித்துப் பார்த்தபோது, அவை மற்றக் கிளைகளைவிடக் குறைவாகவே பருத்தன. இலைகள் எல்லாம் அப்படியே இருந்தும்.

தேயிலை மலையிலும் இதற்கு அக்கம்பக்கமான விஷயங்கள் நிறைய உண்டு. நாற்றுமேடையில் தேயிலைத் துண்டு வைக்கும்போது ஒரு இலையோடுதான் வெட்டி வைப்பார்கள். இலை விழுந்தால் துண்டு போய்விடும். முள்முருக்கையும் கிளிசிறிடியாவையும் ஒரு இலையும் இல்லாத மொட்டைக் கம்பாக ஊன்றுகிறோம், வேரும் தளிரும் விடுகிறது. முதல் காரணம், தடித்த கம்பில் இருக்கும் மாப்பொருள். அதோடு அந்தப் பச்சைத் தோலும் சுவாசச் செலவைக் குறைத்துக் கொஞ்சம் தாங்குகிறது என்பது என் கணிப்பு. நிழல்மரமாக நிற்கும் முள்முருக்கின் கொப்பை எல்லாம் வெட்டிவிட்டபின் அது மொட்டையாக நிற்கும் வாரங்களுக்கும் இதே கணக்குத்தான்.

கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடியின் மேல்பகுதியை வெட்டிவிடுவது, இன்னும் சுவையானது. கவ்வாத்துக் கத்தி போனபின் செடியில் மிஞ்சுவது முதிர்ந்த வாதுகள், அதாவது கிளைகள், மட்டும். அவற்றின் தோல் தடித்துப்போனது, பச்சை மிகக் குறைவு. ஆகவே மறுபடி துளிர்க்க வேரிலுள்ள மாப்பொருளையே செடி நம்ப வேண்டும். அதனால்தான் கவ்வாத்துக்கு முன் வேரை வெட்டி அயடீன் விட்டுப் பார்க்கும் வழக்கம். நீலக்கறுப்பு நன்றாக ஏறினால் வெட்டலாம், வெளிறி இருந்தால் பொறுக்க வேண்டும். உயரமான தோட்டங்களில் குளிரால் சுவாசம் குறைவு. வேரில் சேமிப்புக் கூடுதல். முழுதாக வெட்டினாலும் தாங்கும். கீழ்நாட்டில் வெக்கையில் செலவு அதிகம் என்பதால் சில கிளைகளை இலையோடு விட்டுவைப்பார்கள். மரத்தின் உயிர் வரவால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை, சுவாசத்தில் எவ்வளவு போகிறது என்பதும் சேர்ந்ததே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் நம் மலையில் இல்லை.

மிலாறை, அதாவது கவ்வாத்தில் வெட்டி விழுந்த கிளைகளை, உடனே விறகுக்கு இழுக்காமல் செடியின் மேல் பரப்பி வைக்கச் சொல்வதற்கும் காரணம் பட்டைதான். வருடக்கணக்கில் நிழலில் இருந்த பட்டை திடீரென முழு வெயிலில் சுட்டுப்போகும். மேல்பக்கத் தோல் செத்தால் கீழே மாறிழையமும் செத்து, அந்த வழியே கட்டை உளுத்துப் போகும்.

பட்டை சேதமானால் வேர் எப்படிப் பட்டினி கிடக்கும் என்பதைத் தோட்டங்கள் வேண்டுமென்றே பயன்படுத்துவதும் உண்டு. சவுக்கு என்று நம்மவர்கள் சொல்லும் கிரவிலியா போன்ற நிழல்மரத்தை எடுக்கும்முன், அடியில் வளையமாகப் பட்டையை உரித்துவிட்டு நிற்க விடுவார்கள். இலைக்கு நீர் ஏறும் காழ் உள்ளே பத்திரமாக இருப்பதால் மரம் மாதக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். ஆனால் உரியம் அறுந்ததால் சீனி கீழே இறங்காது. வேர் தன் சேமிப்பையெல்லாம் சுவாசித்தே தீர்த்துவிடும். அப்புறம் மரத்தை வெட்டினால், மண்ணில் மிஞ்சும் வேரில் தேயிலையைத் தாக்கும் வேர்நோய்ப் பூஞ்சைகளுக்குத் தீனி இருக்காது.

வேலி போடும் வீடுகளில் பிள்ளைகள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரே மரத்திலிருந்து, ஒரே நாளில், ஒரே தடிப்பும் நீளமும் உள்ள கிளிசிறிடியாக் கம்புகளாகப் பத்துப் பன்னிரண்டு வெட்டுங்கள். ஒரே வரிசையில் ஊன்றி, ஒன்று விட்டு ஒன்றுக்குச் சமையலறை ஈயத்தாளைத் தளர்வாகச் சுற்றுங்கள். மேலும் கீழும் காற்றுப் போகட்டும், வெளிச்சம் மட்டும் மறியட்டும். கறுப்புப் பொலித்தீன் கூடாது. அது கம்பைச் சூடாக்கிக் கணக்கைக் குழப்பும். சுற்றாத கம்புகளுக்கும் ஒரு வளையம் ஈயத்தாள் அடியில் கட்டிவிடுங்கள், இரண்டும் கையாளப்பட்ட விதம் ஒத்திருக்கும். எது முதலில் துளிர்க்கிறது, ஒவ்வொரு கம்பிலும் எத்தனை தளிர், எவ்வளவு நீளம் என்று வாரத்துக்கு ஒருமுறை கொப்பியில் எழுதுங்கள். தளிர் இலை விரிந்துவிட்டால் அளவெடுப்பை நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் இலை தருவது எது, பட்டை தருவது எது என்று பிரிக்க முடியாது.